நாலாவது போல்ட்டு

"எல்லாரும் உக்காருங். வாய மூடுங். கதிர்வேலு, அந்தக் கிரைண்டர நிறுத்து சாமி. திலீப்பு, பாட்ட நிறுத்து. பன்னெண்டு மணிக்குக் குஜராத்துல இருந்து போன் வரும். பெரிய கம்பெனியாட்டம் இருக்கோணும், சந்தைக்கடையாட்டம் இருக்கக் கூடாது. ரங்கநாயகி, உனக்கும்தான் அம்மிணி, பேசாம உக்காரு."

நீங்களும் அப்படியே அக்கட்டால ஒரு டப்பாவத் திருப்பிப் போட்டு உக்காருங்க. ரங்கநாயகியப் பாத்துப் பேசாதேன்னு சொன்ன ஒரே மனுசன் இந்த ஒலகத்துல இந்தக் கம்பெனி மொதலாளி சென்னியப்பண்ணன்தான். அந்தப் புள்ள நோம்பிக்கு நோம்பிதான் வாயத் தொறக்கும். ஆடி நோம்பிக்கு "சம்பளம்"னு ஒரு வார்த்த சொல்லுச்சுன்னா, "வந்துருச்சுங்"கற அடுத்த வார்த்தைக்கு நீங்க தீவாளி வரைக்கும் காத்துட்டு இருக்கோணும். அது பேசாம போயிப் பெயிண்ட் டப்பா மேல உக்காந்துக்கிச்சு. ரெண்டு கையையும் மடியில வெச்சுக்கிட்டு, ஓடாம நிக்கிற தன்னோட மெஷினப் பாத்துச்சு. கதிர்வேலு டர்னருங்க, லேத்துல நிக்கிற ஆளு, அவன் லேத்துல சாஞ்சுக்கிட்டான். ஒடிசாக்காரத் திலீப்பு தரையிலயே சம்மணம் போட்டுட்டான். இப்பப் பாருங்க, கோயமுத்தூர் கணபதியில அந்தச் சந்துக்குள்ள, தகரக் கூரைக்குக் கீழ, மணி பதினொண்ணரைக்கு, அத்தன அமைதி. சென்னியப்பண்ணனுக்கு அமைதிதான் ஆகாது. வெளிய வாய மூடினா அவருக்கு உள்ள ஒரு வாய் தொறந்துக்கும். வெளி வாய்க்காச்சும் டீத்தண்ணி ஊத்தி நிறுத்தலாம். உள் வாய்க்கு என்ன ஊத்தறது? அது பேசறதக் கேளுங்க.

அரை மணி நேரம், அரை மணி நேரந்தான், அரை மணி நேரத்துல போன்ல ஒரு பட்டன அமுக்கிக் காசு அனுப்போணும், அவ்வளவுதான், ஊர்ல எல்லாரும் அமுக்கறாங்க, பாலுக்கு அமுக்கறாங்க, பஸ்ஸுக்கு அமுக்கறாங்க, எங்க மாமியா பூக்காரிக்கு அமுக்குது, நமக்கு என்ன, விரல் இல்லியா? இருக்கு. ஆனா பூக்காரி எதிர்ல நிக்கறா. முழம் கொறைஞ்சா மூஞ்சிக்கு நேரா கேக்கலாம். நாம வாங்கற கியர் பாக்ஸு ஆயிரம் மைலுக்கு அக்கட்ட, குஜராத்துல நிக்குது. நிக்குதா? நிக்குது, போட்டோ இருக்கே. பச்சைப் பெயிண்டு, நாலு காலு, நாலு காலுக்கு நாலு போல்ட்டு, மூணு இறுக்கமா உக்காந்திருக்குது, நாலாவது பாதி கழண்டு வெளிய எட்டிப் பாக்குது, பல்லு ஆடற பையனாட்டம். ஏன் பாதியில நிக்குது? கழட்டறப்போ டீ வந்திருக்கும். டீ வந்தா யாருதான் ஸ்பேனரக் கீழ போட மாட்டான், இந்தக் கதிர்வேலு போட மாட்டானா, டீக்காரன் மணிச் சத்தம் மூணு சந்து தள்ளி வர்றப்பவே போட்டிருவான். அப்ப அது நல்ல மனுசங்க வேலை செய்யற எடம். டீ குடிக்கிற எடம். ஏமாத்துறவன் டீக்காகப் பாதியில விடுவானா? அட, இது ஒரு பேச்சா, ஏமாத்துறவனும் டீ குடிப்பான்.

போன வியாழக்கிழம, பதினொரு மணி இருக்கும், மரை உருட்டற மெஷினு ஒரு சத்தம் போட்டுச்சு பாருங்க, வயித்த வலிக்காரன் சோடா குடிச்சு ஏப்பம் விட்டாப்பல, குர்ருன்னு, அப்பறம் ணங்குன்னு, அப்பறம் ஒண்ணுமில்ல. ரெண்டு உருளைக்கு நடுவால கம்பியக் குடுத்தா அந்தப் பக்கம் மரை விழுந்து போல்ட்டா வரும், அதுதான் அந்த மெஷினோட பொழப்பு, நம்ம அஞ்சு வாயோட பொழப்பும் அதுதான். தொறந்து பாத்தா கியர் பாக்ஸுக்குள்ள பல்லு பூராவும் பொடி. எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கோணும். ஸ்க்ரூ டிரைவர பேரிங்கு மேல வெச்சு மறு நுனியக் காதுல வெச்சா எந்த மெஷினு எப்பப் படுக்கும்னு நான் நாள் சொல்லுவேன், நட்சத்திரம் சொல்லுவேன், இந்தச் சந்துல சென்னியப்பன் காதுன்னா ஸ்டெதஸ்கோப்பு. அன்னிக்குன்னு பாத்து சளி. காது ரெண்டும் அடைச்சுக்கிச்சு. டாக்டருக்குக் காய்ச்சல் வந்த நேரம் பாத்து நோயாளி செத்துட்டான். அந்த மெஷினு செஞ்ச கம்பெனிக்காரனும் கடைய மூடி எட்டு வருசம் ஆச்சு, புதுசு கெடைக்காது, பழசுதான், பழசும் கோயமுத்தூர்ல இல்ல, பீளமேட்டுல இல்ல, உக்கடத்துல இல்ல, அப்பறம் கதிர்வேலுதான் சொன்னான், போன்ல பாருங்ணா, போன்ல யானைகூட விக்கிறாங்கன்னு. பாத்தேன். யானை இல்ல. கியர் பாக்ஸு இருந்துச்சு. ஒண்ணே ஒண்ணு. நம்ம மாடலு, நம்ம அளவு, பாதி வெலை. பாதி வெலைன்னதும் நெஞ்சுல ஒரு மணி அடிச்சுது. அது சந்தோச மணியா, நெருப்பணைக்கிற வண்டி மணியான்னு இன்னும் புடிபடல.

முதுகு நமநமங்குது. வெய்யக் காலம் வந்தா நடு முதுகுல, கையெட்டாத எடமாப் பாத்து வேர்க்குரு வருது, இந்த ஒடம்பச் செஞ்சவன் ஒரு மெக்கானிக்க வெச்சுச் செஞ்சிருக்கோணும், கை இன்னும் நாலு இஞ்சு நீட்டமா விட்டிருப்பான். இந்த போல்ட்டு தோதா இருக்கு. அரையடி நீளம், மரை சொரசொரன்னு. ஆங், அங்கதான். காலையில ரங்கநாயகி கொண்டாந்து கையில குடுத்துச்சு. ஒம்பது, ஒம்பதரை இருக்கும். மூணு நாளா நானே பாத்துட்டிருந்த போட்டோவ எல்லார்த்துக்கும் காட்டிட்டு இருந்தேன். கதிர்வேலு, "சூப்பருங்ணா"ன்னான். அவனுக்கு எல்லாமே சூப்பரு, எழவு வீட்டுச் சாப்பாடுகூட சூப்பரு. திலீப்பு, "நல்ல ஐட்டம் அண்ணா"ன்னான். போட்டோவுல ஓரமா ஒருத்தன் நிக்கிறான், தல தெரியல, கழுத்துல இருந்து இடுப்பு வரைக்கும் தெரியுது, சட்டைப் பாக்கெட்டு வலது பக்கம் இருக்கு. நான்தான் கண்டுபிடிச்சேன். "அட கதிரு, குஜராத்துல பாக்கெட்ட வலது பக்கம் தைக்கறாங்க பாரு, அதான் அவங்க பாக்கெட்டுல காசு நிக்குது, நம்மாளு இடது பக்கம் நெஞ்சு மேல வெச்சுக்கிட்டு, அது துடிக்கத் துடிக்க எடுத்துச் செலவு பண்றான்"னேன். திலீப்பு வயித்தப் புடிச்சுட்டுச் சிரிச்சான். ரங்கநாயகி சிரிக்கல. போன வாங்கிப் பாத்துச்சு, ரெண்டு விரல வெச்சுப் பெருசு பண்ணிப் பாத்துச்சு, போனத் திருப்பிக் குடுத்துட்டு போல்ட்டுக் குவியலுக்குப் போச்சு, ஒண்ண எடுத்தாந்து என் உள்ளங்கையில வெச்சுது. வெச்சுட்டு மூஞ்சியவே பாத்துச்சு. அளவு சரியான்னு கேக்குது போலன்னு, "சரி சரி, இந்த அளவுலயே ஓட்டு"ன்னேன். போயிருச்சு. மெஷினே ஓடல, எத ஓட்டறது? அதுக்கப்பறந்தான் யோசன வந்துச்சு. கூப்புட்டுக் கேக்கலாம்தான். அது பதில் சொல்றதுக்குள்ள பொங்கல் வந்துரும்.

விக்கிறவன் பேரு ஜெகதீசன். குஜராத்துல இருந்தாலும் தமிழாளு. அதுதான் பாருங்க, அதுதான் மனசுல எண்ணெய் ஊத்துன எடம். முதல் தடவ கூப்புட்டப்போ நான் எனக்குத் தெரிஞ்ச இந்தி வார்த்தய எல்லாம் தேடி எடுத்து, "ஹலோ, பாய் சாப், மால் ஹை?"ன்னேன், எனக்குத் தெரிஞ்சதே அவ்வளவுதான், அதுக்கு மேல அவன் இந்தியில கேட்டிருந்தா போன வெச்சிருப்பேன். அவன் சிரிச்சான். "அண்ணாச்சி, தமிழ்லயே பேசுங்க அண்ணாச்சி. நான் திருநெல்வேலிப் பக்கம் அண்ணாச்சி. இங்க வந்து இருவது வருசம் ஆச்சு. நம்ம ஊரு ஆளுக்குக் குடுக்கதுல எனக்கு ஒரு சந்தோசம் பாத்துக்கிடுங்க." தேனு. கொரல்ல தேனு. அவனாட்டம் பேசிக் காட்டி அன்னிக்குச் சாயங்காலம் பூராவும் கம்பெனியவே சிரிக்க வெச்சேன், "சாப்ட்டியளா அண்ணாச்சி, மெஷினு சாப்ட்டுச்சா அண்ணாச்சி"ன்னு. பேசிக் காட்டறப்போதான் ஒண்ணு தட்டுச்சு. ஒரு நிமிசத்துக்கு எத்தன அண்ணாச்சி? எண்ணிப் பாத்தா ஒம்பது. எதிர்த்த கடை பால்பாண்டி அசல் பாளையங்கோட்டைக்காரன், காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா, அவ்வளவுதான் அண்ணாச்சி போடுவான். நான் மத்தவங்களாட்டம் பேசறப்போ இப்படித்தான் அள்ளிப் போடுவேன். அசல்காரனுக்குக் கைப்பிடி உப்பு போதும், வேசக்காரன் மூட்டையவே கவுத்துவான். ஆனா குஜராத்துல இருவது வருசம் பேசாமக் கெடந்த அண்ணாச்சி எல்லாம் சேந்து வந்திருக்கலாமில்ல? இருக்கலாம். ஊரு ஞாபகம். பாவம்.

சத்தம் அனுப்புங்கன்னு கேட்டேன். அதுதான் நான் கெட்டிக்காரன். போட்டோ எவன் வேணா எடுப்பான், சத்தத்த ஏமாத்த முடியாது. அஞ்சு நிமிசத்துல அனுப்பிச்சான், கியர் பாக்ஸு ஓடற சத்தம், அப்பா, என்ன சத்தம், மசாலா அரைச்சு முடிஞ்சு கடைசியில கல்லு தானாச் சுத்துமே, அப்படி, வழுவழுன்னு. முப்பது தடவ கேட்டிருப்பேன். குளிக்கப் போறப்பவும் எடுத்துட்டுப் போனேன். பூங்கோதை வெளிய நின்னு கதவத் தட்டறா, "யாரு அங்க உள்ள?"ங்கறா. "கியர் பாக்ஸு"ங்கறேன். "கட்டுன பொண்டாட்டி இருமினா காதுல விழாது, கியர் பாக்ஸுன்னா பாத்ரூம் வரைக்கும்"னு போயிட்டா. சத்தம் நல்ல சத்தம். அதுல எனக்குச் சந்தேகமில்ல. எங்கியோ ஒரு நல்ல கியர் பாக்ஸு ஓடுது. எங்கியோ. அந்த எங்கியோங்கறதுதான் முள்ளாட்டம் நிக்குது. உக்கடத்துல பழைய மெஷின் யாவாரம் பண்ற அப்பாஸ் பாய்கிட்டச் சொன்னப்போ அவரு கேட்டாரு, "சத்தம் சரி சென்னியப்பா, சத்தத்துல பேரு எழுதியிருக்கா? சாக்பீஸ்ல இன்னைக்குத் தேதிய எழுதச் சொல்லு, பொருளு மேல, உம் பேரையும் எழுதச் சொல்லு, அதப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு. நம்பர் தகட்டக் காட்டச் சொல்லு. வீடியோவுல வந்து நின்னு பேசச் சொல்லு. அதுக்கு முன்னாடி விரல மடக்கி வெச்சுக்கோ." எல்லாம் சரிதான். தகடு மேல பெயிண்டு அடிச்சிருச்சாம். வீடியோவுக்கு சிக்னல் இல்லியாம், ஷெட்டுக்குள்ள. சாக்பீஸு? அத நான் மொதல்ல கேக்கல. கேக்க வாய் வரல. நம்மூர்ப் பாசையில பேசற மனுசன்கிட்ட, எம் பேர எழுதிக் காட்டுன்னு எப்படிக் கேக்கறது? பொண்ணு பாக்கப் போன எடத்துல பல்லக் காட்டச் சொன்ன மாதிரி. நேத்து ராத்திரி சாப்புடறப்போ துணிஞ்சு கேட்டேன், மெதுவா. "ஐயோ அண்ணாச்சி, மரப்பொட்டியில வெச்சு ஆணி அடிச்சாச்சே. ஒங்களுக்காவத்தான். நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு வேற பார்ட்டி வாராவ, அதுக்குள்ள முழுசையும் போட்டு விட்டுருங்க, லாரியில ஏத்திருதேன்." எனக்காவ ஆணி அடிச்சுட்டான். என்னன்னு சொல்றது.

மரப்பொட்டியா? மரப்பொட்டியப் பத்தி எனக்குத் தெரியும். ஆறு வருசத்துக்கு முன்னால ஒரு மோட்டாரு வந்துச்சு, இதே மாதிரி, மரப்பொட்டி, ஆணி. சும்மா தொறந்திருக்கலாம். தொறக்கல. எலுமிச்சம்பழம் வாங்கி, சூடம் வாங்கி, பொட்டிக்குப் பொட்டு வெச்சு, பக்கத்து ஷெட்டுக்காரனை எல்லாம் கூப்புட்டு, சூடத்தக் காட்டி, "தொறடா கதிரு"ன்னேன். மோட்டாரு அம்சமா இருந்துச்சு. ஒயரு குடுத்தோம். சுத்தல. மூடியக் கழட்டினா உள்ள செம்புக் கம்பி இல்ல, சிமெண்டு. நல்லாப் பூசி, தண்ணி காட்டி, கெட்டியா. எவனோ நல்ல கொத்தனாரு. எடை சரியா வரோணுமில்ல. சூடம் இன்னும் எரிஞ்சுட்டு இருந்துச்சு. பக்கத்து ஷெட்டுல ஒருத்தன் மூக்குல சிரிச்சான், அவ்வளவுதான், அன்னிக்கிருந்து டீக்கடையில நான் சிமெண்டு சென்னியப்பன். "சிமெண்டண்ணனுக்கு ஒரு டீ, ஸ்ட்ராங்கா"ம்பான் மாஸ்டரு. நானும் சிரிச்சுக்குவேன், நானே என்னையப் பண்ணிக் காட்டுவேன், சூடத்தக் கையில வெச்சுட்டு வாயப் பொளந்துட்டு நின்னது எப்படின்னு. நாமளே செஞ்சுட்டா மத்தவன் செய்யறப்போ அவ்வளவு எரியாது. எரியாதுன்னு சொல்லிக்கறது. அன்னிக்கும் ரங்கநாயகி சிரிக்கல. சூடத்த ஊதி அணைச்சுட்டு அந்த எலுமிச்சம்பழத்த எடுத்துட்டுப் போயி எல்லார்த்துக்கும் சர்பத்துப் போட்டுச்சு. பேசாமத்தான்.

மணி பதினொன்னே முக்கா. இந்தத் தடவ சிமெண்டு இல்ல. இந்தத் தடவ போச்சுன்னா பேரு மட்டும் போகாது. கையில இருக்கறது அந்த ஒரு கியர் பாக்ஸுக்கான காசுதான், அதுக்கப்பறம் புதுசும் இல்ல பழசும் இல்ல, மெஷினு இரும்பு எடைக்குப் போகும், கெரேன் வந்து கட்டித் தூக்கறப்போ தரையில நாலு ஓட்டை மட்டும் நிக்கும். கதிர்வேலுவ எவனும் எடுத்துக்குவான், வாய் இருக்கு. திலீப்பு ஊருக்கு ரயிலேறிருவான். ரங்கநாயகி? பன்னெண்டு வருசமா ஒரே மெஷினு. கம்பியக் குடுக்கறப்பவே எந்தக் கம்பி வளையும், எது வளையாதுன்னு விரல்லயே தெரியும் அதுக்கு. அஞ்சு நாளா சும்மா உக்காரச் சொன்னா உக்காரல, கையால மரை போடற கட்டையப் புடிச்சுத் திருகுது, ஒரு நாளைக்கு இருவது போல்ட்டு, தோள்பட்டை வீங்கியிருக்கும், சொல்லாது. வேற எடத்துக்கு வேலைக்குப் போனா, பேசத் தெரியாதுன்னு பத்து நாள்ல நிறுத்திருவாங்க. அந்தப் பெயிண்ட் டப்பா காலியாக் கெடக்கறத நெனச்சுப் பாக்கறேன், நெனைக்கக் கூடாதுன்னா அதுதான் வருது, காலி டப்பா, தரையில நாலு ஓட்டை, நாலு காலு, நாலு போல்ட்டு, நாலாவது போல்ட்டு. மறுபடியும் அங்கியே வந்து நிக்குது. எதுக்கு அந்த நாலாவது போல்ட்டு கண்ணுலயே நிக்குது? சட்டைப் பித்தான ஒண்ணு மாத்திப் போட்டுட்டு நாள் பூராத் திரிஞ்சா ஒரு மாதிரி இருக்குமே, கண்ணாடியப் பாக்கற வரைக்கும் என்னன்னு தெரியாது, அந்த மாதிரி. பட்டன அமுக்கீட்டா இதெல்லாம் நின்னுரும். அமுக்கு. முதுகு வேற. ஆங், அங்க, கொஞ்சம் மேல.

சென்னியப்பண்ணன் போன எடுத்தாரு. நம்பர் எல்லாம் போட்டு வெச்சது போட்டபடி இருக்கு, கடைசிப் பட்டன்தான் பாக்கி. அதுக்கு முன்னாடி பொருள ஒருக்காப் பாத்துக்கலாம்னு போட்டோவத் தொறந்தாரு, பொண்ணோட கழுத்துல தாலி ஏறறதுக்கு முன்னாடி மூஞ்சிய ஒருக்காப் பாக்கற மாப்பிள்ளையாட்டம். சொறிஞ்ச போல்ட்டு இடது கையில இருக்கு. அதுல ஒரு நட்டு கோத்திருந்துச்சு. சும்மா இருக்கறப்போ நம்மாளு கை சும்மா இருக்காதுங்களே, கட்டை விரலு பாட்டுக்கு நட்ட வலது பக்கமாத் திருகுது, நட்டு பாட்டுக்கு உள்ள எறங்குது. முப்பது வருசத்துக் கை. அது யோசிக்காது. கண்ணு போட்டோவுல நாலாவது போல்ட்டு மேல இருக்கு. ரெண்டு விரல வெச்சுப் பெருசு பண்ணினாரு, மரை வரிவரியாத் தெரியுது. கை என்னமோ சொல்லுது. நட்டு எறங்குது. கண்ணு ஒத்துக்க மாட்டேங்குது. கை ஒண்ணு சொல்லுது, கண்ணு ஒண்ணு சொல்லுது, புருசன் பொண்டாட்டியாட்டம் ரெண்டும் சண்ட. போல்ட்டத் தூக்கிப் போனுக்குப் பக்கத்துல வெச்சாரு, ரெண்டும் செங்குத்தா. கையில இருக்கற போல்ட்டுல வரி வலது பக்கம் சாஞ்சு மேல ஏறுது. போட்டோவுல இடது பக்கம் சாஞ்சு ஏறுது. தலகீழாத் திருப்பி வெச்சாரு. தலகீழா வெச்சாலும் கையில இருக்கறது வலதுக்குத்தான் ஏறுது. போன் அப்படியே இடதுக்கு ஏறுது.

அட கெரகமே, இடது மரை. இருக்கலாமில்ல? இடது மரை இல்லாமயா இருக்கு? வெல்டிங்காரன் கேஸ் குழாய்க்கு இடது மரைதான், சைக்கிளு இடது பெடலுக்கு இடது மரைதான், இருக்கு, ஊர்ல இருக்கு. ஆனா மெஷின் காலுக்கு, தரையில நிறுத்தற காலுக்கு, எந்தப் பைத்தியக்காரனாச்சும் இடது மரை போல்ட்டு போடுவானா? பன்னெண்டு வருசமா காலுக்குத்தான் போல்ட்டு உருட்டறோம், லட்சம் போட்டிருப்போம், ஒருத்தன், ஒரே ஒருத்தன் இடதுல கேட்டிருக்கானா? அப்ப போல்ட்டு இடது இல்ல. போல்ட்டு வலதுதான். போட்டோதான் திரும்பியிருக்கு, கண்ணாடியில காட்டுன மாதிரி. அப்ப அந்த ஆளு? சட்டைப் பாக்கெட்டு? குஜராத்துலயும் இடது பக்கந்தான் தைக்கறாங்க. எல்லாரும் நெஞ்சு மேலதான் வெச்சுக்கறாங்க. நான்தான் மூணு நாளா அதப் பாத்துப் பாத்துச் சிரிச்சிருக்கேன், மாத்திப் போட்ட பித்தானக் கண்ணாடியில பாத்துட்டே அழகா இருக்குன்னு சிரிச்சிருக்கேன்.

அப்பத்தான் போன் அடிச்சுது. பன்னெண்டுக்கு அஞ்சு நிமிசம். கதிர்வேலு லேத்த விட்டு நிமுந்தான்.

"அண்ணாச்சி, போட்டு விட்டுட்டியளா அண்ணாச்சி? அந்தப் பார்ட்டி வாசல்ல நிக்காவ அண்ணாச்சி."

"இதோ, விரல் மேலதான் இருக்குதுங். ஒரே ஒரு வெசனம். அந்த நாலாவது போல்ட்டு பாதி கழண்டு நிக்குது பாருங், லாரியில வர்றப்போ விழுந்துரும். அத இறுக்கி உடுங். எந்தப் பக்கம் திருகி இறுக்குவீங்?"

"என்ன அண்ணாச்சி வெளையாடுதிய. எல்லாரும் திருகுத பக்கந்தான். வலது பக்கம்."

"அப்படிங்ளா. நீங்க அனுப்புன போட்டோவுல வலது பக்கம் திருகினா கழண்டு கையோட வந்துருமுங்களே."

அந்தப் பக்கம் வேற ஒரு கொரல் வந்துச்சு. அதே ஆளுதான், ஆனா திருநெல்வேலி இல்ல, தேனும் இல்ல, எந்த ஊருன்னே சொல்ல முடியாத ஒரு வறண்ட கொரல். "வேணும்னா எடு, இல்லன்னா போ." டொக்குன்னு வெச்சுட்டான். ஒரு அண்ணாச்சிகூட மிச்சமில்ல. சென்னியப்பண்ணன் போன்ல அந்தப் பொருள் விக்கிற ஆப்பத் தொறந்து பாக்கறதுக்குள்ள அங்க கியர் பாக்ஸையும் காணோம், வலது பாக்கெட்டுக்காரனையும் காணோம்.

போட்டு வெச்ச நம்பர ஒவ்வொண்ணா அழிச்சாரு. அழிச்சு முடிச்சதுதான் தாமதம், வெளி வாய் தொறந்துக்கிச்சு. அஞ்சு நிமிசம் பாருங்க, ஒரு நாடகமே நடத்திட்டாரு. தானே ஜெகதீசன், தானே சென்னியப்பன், அந்தப் பக்கம் போயி "அண்ணாச்சி"ங்கறாரு, இந்தப் பக்கம் வந்து "எந்தப் பக்கம் திருகுவீங்?"கறாரு, கடைசியில அந்த வறண்ட கொரலையும் செஞ்சு காட்டறாரு. திலீப்பு சிரிச்சுக் கண்ணத் தொடைக்கிறான். கதிர்வேலு, "ஆமாங்ணா, ஊரான் போட்ட படத்த எடுத்துத் திருப்பி உட்டா, அசலு யாருதுன்னு தேடிக் கண்டுபிடிக்க முடியாதாம், அதுக்குத்தான்"னான், என்னமோ அவனுக்கு மூணு நாளாத் தெரிஞ்ச மாதிரி. "நாளைக்கே அப்பாஸ் பாயக் கூட்டிட்டு நேர்ல போறோம், எந்த ஊரா இருந்தாலும் சரி, கையில தொட்டுப் பாத்து, சாக்பீஸ்ல நானே எம் பேர எழுதித்தான் எடுத்தாறோம்"னாரு அண்ணன். போல்ட்ட மேல தூக்கிப் புடிச்சாரு, கப்பு ஜெயிச்சவனாட்டம். "சிமெண்டு சென்னியப்பனாம்! எவனாச்சும் கண்டுபிடிச்சானா இத? மூணு நாளு, நாலு பேரு, எட்டுக் கண்ணு, கடைசியில எவன் கண்ணு?"

பேச ஆளு தீந்துபோச்சு. சுத்தியும் பாத்தாரு. பெயிண்ட் டப்பா மேல கண்ணு நின்னுச்சு.

"ஏனம்மிணி ரங்கநாயகி, இவனுக ரெண்டு பேரையும் உடு. நீ பன்னெண்டு வருசமா மரை போடறவ. தூங்கறப்பவும் மரைதான் கனவுல வரும் உனக்கு. காலையில மூக்குக்கு நேரா காட்டினேனே, உனக்குக்கூடவா தெரியல?"

ரங்கநாயகி எந்திரிச்சுச்சு. சீலையில ஒட்டியிருந்த இரும்புத் தூளத் தட்டி உட்டுச்சு. அவரு கையில இருந்த போல்ட்ட வாங்கி, குவியல்ல போடறதுக்கு முன்னாடி, முந்தானையில நல்லாத் தொடச்சுச்சு.

"ஒம்பதரைக்கே தெரிஞ்சுதான் இதக் கொண்டாந்து உங்க கையில குடுத்தேனுங்ணா. நீங்க வாங்கி முதுகு சொறிஞ்சீங்."